சர்க்கரை இல்லை என்ற ஒரு வரி

சேலத்தில் அறுவைச் சிகிச்சை மருத்துவனாகப் பணியாற்றிய நாட்களில், ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டில் நானே எழுதிய "சர்க்கரை இல்லை" என்ற வரி இன்றும் உறுத்துகிறது. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்ட வேலை செய்த 26 வயது இளைஞர் அவர். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்கையில் ஏணி சறுக்கிச் சரிவில் உருண்டு, தொடையில் மண் அப்பிய ஆழமான காயத்தோடு வந்திருந்தார். காயத்தைக் கழுவி, தையல் போடாமல், ஆன்டிபயாட்டிக் தொடங்கினோம்.

நான்காம் நாள் காயத்தின் விளிம்பு கறுத்தது. செத்த சதையை வெட்டியெடுத்தும், மறுநாளே கறுப்பு இரண்டு விரற்கடை மேலேறியிருந்தது. சீழ்ப் பரிசோதனையில் ஏதோ ஒரு பாக்டீரியா வளர்ந்ததால், மருந்தை மாற்றி மேலும் இரண்டு நாட்களை இழந்தோம். 2021இல் கருப்புப் பூஞ்சையை அவ்வளவு பார்த்திருந்தும், சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில், மூக்கிலும் கண்ணிலும் வரும் நோயாகவே அது என் மனத்தில் பதிந்துபோயிருந்தது. கட்டைப் பிரித்தபோது பஞ்சு போன்ற வெண்படலத்தைக் காட்டி, "இது சீழ் மாதிரி இல்லையே, சார்" என்றவர் செவிலியர்தான்.

கருப்புப் பூஞ்சையாக இருக்கலாம் என்றால் சதையை அரைக்காமல் நறுக்கியே வளர்க்க வேண்டும், அரைத்தால் இவ்வகைப் பூஞ்சையின் இழைகள் செத்துவிடும் என்றார் நுண்ணுயிரியல் மருத்துவர். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்துப் பார்த்ததும், கருப்புப் பூஞ்சை வகைக்கே உரிய, நாடா போல அகன்ற, குறுக்குச் சுவர் அரிதான இழைகள் தெரிந்தன. அன்றிரவே ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை ஏற்றினோம். சிறுநீரகத்தைக் குறைவாகப் பாதிக்கும் அதன் லைப்போசோமல் வகைக்குக் குடும்பத்தார் பணம் புரட்டும்வரை பழைய வகைதான். அதைச் சலைனில் கலக்கக் கூடாது, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். குளிர்நடுக்கம், இறங்கும் பொட்டாசியம், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏற்றம் என்று நாட்கள் நகர்ந்தன. ஆனால் பூஞ்சை இரத்தக் குழாய்களையே அடைத்துவிடுவதால் செத்த சதைக்குள் எந்த மருந்தும் போய்ச் சேராது. ஆகவே, இரத்தம் கசியும் இடம் வரை, ஐந்து முறை வெட்ட வேண்டியிருந்தது. கால் தப்பியது.

ஆய்வகத்தின் வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் வித்துகளே விடாத அந்தப் பூஞ்சை, சத்தில்லாத வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றிய பிறகே தன்னை அடையாளம் காட்டியது: அபோபைசோமைசிஸ். வட இந்திய மாந்தோப்பு மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு 1979இல் விவரிக்கப்பட்ட பேரினம். ஆரோக்கியமானவர்களின் காயத்திலும் தயங்காமல் நுழைவது. 2011இல் அமெரிக்காவின் ஜாப்லின் நகரைச் சூறாவளி தாக்கியபோது, காயம்பட்ட 13 பேருக்கு இதே பேரினப் பூஞ்சை தொற்றி, ஐவர் இறந்திருக்கின்றனர். இதையெல்லாம் நான் படித்தது தோல் ஒட்டு வைத்து முடித்த பிறகுதான்.

வீடு திரும்பும் நாளில் அவருடைய தந்தை கேட்டார்: "இந்த மண்ணத்தானுங்க நாங்க தினமும் வெறுங்கால்ல மிதிக்கிறோம்?" தோல் கிழியாதவரை அது ஒன்றும் செய்யாது என்றேன். அவர் குனிந்து, பித்தவெடிப்பு விழுந்த தம் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.