நோட்டில் சாய்ந்து விழுந்த முத்திரைகள்

எங்கள் கிளை அஞ்சலகத்தில் காலையில் முதல் வேலை தேதியை மாற்றுவது. முத்திரையின் நடுவில் இருக்கும் சின்ன அச்சுகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, அன்றைய தேதியைச் செருகி, மையில் ஒற்றி, ஒரு நோட்டில் குத்திப் பார்ப்பேன். எண் சரியாக விழுந்திருக்கிறதா, மை திட்டுத் திட்டாகப் பரவுகிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் அந்த நோட்டு. அதை யாரும் திரும்பிப் படிப்பதில்லை. இந்த ஜனவரி 1 அன்று, ‘25’ அச்சை டப்பாவில் போட்டுவிட்டு ‘26’ஐச் செருகிக் குத்தியபிறகு, நான் படித்தேன். கூட்டம் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

வட்ட வட்டமாகத் தேதிகள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். எனக்கு ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் வீடு தெரிந்தது.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் கிளை அஞ்சல் அதிகாரியாக இருக்கிறேன். பெயர்தான் அதிகாரி, ஊருக்கு நான் போஸ்ட்டாபீஸ் அம்மா. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் இந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள். என் மதிப்பெண் பட்டியலை அப்பா பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் ரயில்வே பாஸ் இருந்த அதே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அப்பா ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து கீமேனாக ஓய்வு பெற்றவர். தோளில் ஸ்பேனரும் சுத்தியலுமாக, தனக்கு ஒதுக்கிய தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்த்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ‘சாவி’ என்ற இரும்பு ஆப்புகள் கழன்றிருந்தால் அடித்து இறுக்கும் வேலை. ஓய்வுக்குப் பிறகும் நடையை விடவில்லை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, என் ஆபீஸ் வழியாகத்தான் போவார்.

மே 16, வெள்ளிக்கிழமை. அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு. என் மகனும் எழுதியிருந்தான். நான் கவுண்டரில் இருந்தேன். முதல் நாள்தான் மகளிர் உரிமைத் தொகை வங்கிக் கணக்குகளில் ஏறியிருந்தது, 1,000 ரூபாயை எடுக்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் விரலாக ரேகைக் கருவியில் வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. வேலை நேரத்தில் என்னைக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. வரிசை முடியும்வரை வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, “பய 438” என்றார். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்வதற்காகச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். வெளுத்த சலவைச் சட்டை. கல்யாண வீட்டுக்குப் போடுவது.

நோட்டில் அந்த 16ஆம் தேதி முத்திரை கொஞ்சம் மை அதிகமாகி விழுந்திருக்கிறது. காலையில் என் மனம் முடிவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கும்.

அடுத்த பக்கத்தில் ஜூன் 11. நேராக, சுத்தமாக, மை சரியாக விழுந்த முத்திரை. அன்று காலையில் எனக்கு எதுவும் தெரியாது. மதியம் ஒன்றரை மணிக்கு அம்மாவின் போன் வந்தபோது, நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க வந்த ஒரு ஆச்சிக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன். “சாப்பிட்டுட்டுப் படுத்தாக. எழுப்புனா எந்திரிக்கல தாயி” என்றாள் அம்மா. எண்ணி முடித்து ஆச்சி கையில் பணத்தைக் கொடுத்தேன். கையிருப்பைச் சரிபார்த்துப் பெட்டியைப் பூட்டினேன். எப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கைகள் தானாகச் செய்தன. அந்த ஆச்சிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், வீடு வரைக்கும் என்கூடவே நடந்து வந்தார்.

ஜூன் 12 முதல் 26 வரை, ஞாயிறுகள் போகப் பதின்மூன்று முத்திரைகள் சாய்ந்து விழுந்திருக்கின்றன. தபால் பட்டுவாடா செய்யும் அண்ணன் குத்தியவை. தன் பட்டுவாடாவையும் பார்த்துக்கொண்டு என் கவுண்டரையும் அவர்தான் பார்த்தார். முத்திரையைப் பிடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. வலது பக்கம் அழுத்தம் கூடி, இடது ஓரம் தேய்ந்து, ஒவ்வொரு வட்டமும் பிறை மாதிரி இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடித்து 27ஆம் தேதி நான் வேலைக்குத் திரும்பியபோது அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு நாளும் விடாமல் மாற்றியிருந்தார். எனக்காக ஒருவர் பதின்மூன்று நாள் தேதியை மாற்றி வைத்திருக்கிறார் என்பதை நினைத்தபோதுதான், அப்பா போனதிலிருந்து முதல்முறையாக, நன்றாக அழ முடிந்தது. அண்ணன் தபால் பையை வாசலில் வைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

அப்பாவுக்கு என் ஆபீஸிலேயே சின்னதாக ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தது. வாரிசுதாரராக அம்மாவின் பெயர். இறந்தவர் கணக்கை முடிக்கும் படிவத்தை இந்த வேலையில் எத்தனையோ பேருக்கு நான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். “இறப்புச் சான்றிதழ் ஒரிஜினல் இருக்கா? சாட்சிக்கு ரெண்டு பேர் யாரு?” என்று வந்தவுடன் கேட்டுவிடுவேன். வேலை சீக்கிரம் முடிந்தால் அவர்களுக்கும் நல்லது என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டுப் படிவத்தில் ‘இறந்த நாள்’ என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. இப்போதெல்லாம் யாராவது அந்தப் படிவம் கேட்டு வந்தால், முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறேன். சான்றிதழை அப்புறம் கேட்கிறேன்.

ஆகஸ்ட் பக்கம் வேலையால் நிரம்பியது. புதிய மென்பொருள் வந்தது. பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்ததும் அதே வருஷம்தான். அதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த வாரங்களில், 22ஆம் தேதி, என் கூடப்பிறந்த அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மதினியின் பிறந்த ஊரான கோவில்பட்டியில் பிரசவம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன், ராத்திரி பஸ் பிடித்து வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். “மூக்கு அப்பா மூக்கு” என்றான். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்பா ஏப்ரலிலேயே என்னிடம் ஒரு தபால் கவர் கொடுத்து வைத்திருந்தார். அதற்குள் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு. “பொம்பளப் பிள்ளைன்னா செல்வமகள் போடு. பையன்னா பொன்மகன் போடு. முதல் பணம் என்னுதா இருக்கணும்” என்றார். கவரின் மேல் பென்சிலால் ‘பேரப்பிள்ளைக்கு’ என்று எழுதியிருந்தார். 80 வயது ஆனால் ரயில்வே பென்ஷன் 20 சதவீதம் கூடும் என்பது அவருடைய பெரிய கணக்கு. இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்தக் கூடுதல் பணம் முழுதும் இந்தக் குழந்தைக்கு என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாராம்.

பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் செப்டம்பர் கடைசியில் அண்ணன் வந்தான். செல்வமகள் கணக்கை 250 ரூபாயிலேயே தொடங்கலாம், வட்டி 8.2 சதவீதம், பதினைந்து வருஷம் கட்ட வேண்டும், கணக்கு தொடங்கிய நாளிலிருந்து இருபத்தொரு வருஷத்தில் முதிரும். ஊரில் எல்லோருக்கும் ஒப்பிக்கிற அதே விவரத்தை என் அண்ணனுக்கும் ஒப்பித்தேன். அவனும் முன்பின் தெரியாத ஆள் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். கவரைப் பிரித்தபோது ஒரு ஆசை வந்தது: என் பர்ஸிலிருந்து ஆயிரம் ரூபாயைப் போட்டுவிட்டு அப்பாவின் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டால் என்ன? ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு கட்டிவிட்டேன். அவர் கட்டச் சொல்லிக் கொடுத்த பணம். மாலையில் கையிருப்புப் பணத்தோடு அவை கலந்துவிட்டன. அடுத்த நாள் யாருடைய கைக்குப் போனதோ தெரியாது. கவர் மட்டும் என்னிடம் இருக்கிறது.

நவம்பர் வந்தாலே எங்களுக்கு உயிர்வாழ் சான்றிதழ் வேலைதான். மத்திய அரசுப் பென்ஷன்காரர்களுக்கு வீட்டுக்கே போய் எடுத்துக் கொடுப்போம். கட்டணம் 70 ரூபாய். அப்பாவுக்கு வருஷா வருஷம் நான்தான் எடுப்பேன். மகள்தானே என்று ஒருநாளும் கட்டணத்தைத் தராமல் இருந்ததில்லை. சட்டைப் பையில் சரியாக எழுபது ரூபாய் வைத்திருப்பார். “ஆபீஸ் காசு ஆபீஸுக்கு.”

நவம்பர் 3, திங்கட்கிழமை, வேலை முடித்து அம்மாவுக்கு எடுக்க உட்கார்ந்தேன். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வந்த பிறகு இதுதான் முதல் தடவை. ஆதார் எண், பென்ஷன் எண் எல்லாம் போட்டேன். மொபைல் எண் கேட்டது. பாஸ்புக்கில் இருந்தது அப்பாவின் எண்தான், அதையே போட்டேன். அலமாரியில் அவர் படத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த போன் டிங் என்று சத்தம் கொடுத்தது. மகன் போய் ஓடிபி எண்ணைப் படித்துச் சொன்னான்.

அடுத்த கட்டத்தில், மறுமணம் செய்திருக்கிறாரா, ஆம் அல்லது இல்லை.

இந்தக் கேள்வியை நான் ஊரில் எத்தனையோ அம்மாக்களுக்கு, கேட்காமலேயே ‘இல்லை’ என்று தட்டிவிட்டுப் போயிருக்கிறேன். படிவத்தில் ஒரு கட்டம், அவ்வளவுதான். அன்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன கேக்குது?” என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இல்லைன்னு போடு” என்றாள், யாரோ எதிரில் உட்கார்ந்து கேட்டதுபோல, மரியாதையாக. அந்த ‘இல்லை’யை அம்மா சொல்லித்தான் நான் தட்டினேன். அன்றிலிருந்து மற்ற வீடுகளிலும் நானாகத் தட்டுவதில்லை.

விரல் ரேகை தேய்ந்துபோனதால் முகத்தைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. கண்ணைச் சிமிட்ட வேண்டும். “சிமிட்டும்மா” என்றால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். மூன்று தடவை தவறிப்போனது. நான்காவது தடவை என் மகன் பின்னால் நின்றுகொண்டு, “ஆச்சி, தாத்தா படத்தைப் பாரு” என்றான். பார்த்தாள். கண் தானாகச் சிமிட்டியது. அம்மா உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ் எண், அப்பாவின் போனுக்கு வந்து சேர்ந்தது.

எழுந்து சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு ஐம்பது, இரண்டு பத்து.

நோட்டைப் பார்த்து முடித்தபோது தபால் பை வந்துவிட்டது. ஜனவரி 1 முத்திரையின் மை அதற்குள் காய்ந்திருந்தது. மதியம் அம்மா சாப்பாடு கொண்டுவந்தாள். அப்பா நின்ற வேப்பமரத்தடியில்தான் அவளும் காத்திருந்தாள். டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகிறவள் நின்று, “இந்த வருஷமும் நவம்பர்ல நீதான எடுப்ப?” என்றாள்.

“நான்தாம்மா” என்றேன்.