டாங்கி பார்க்கப் போன மே மாதம்

மே 1, 2025. லாபோ, ஜெர்மனி

தொழிலாளர் தினம். இங்கே அரசு விடுமுறை என்றால் மளிகைக் கடைகூடத் திறக்காது. ரொட்டியும் வாழைப்பழமும் நேற்றே வாங்கி வைத்ததால் பிழைத்தேன்.

கீல் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. லாபோவுக்கு பஸ்ஸும் உண்டு, ஆனால் கப்பற்படை ஊருக்குப் படகில் போவதுதான் முறை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கப்பல் கட்டும் இடம், கடற்படைத் தளம் எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும்.

யூ-995 நீர்மூழ்கி கடற்கரை மணலில் நிற்கிறது. 67 மீட்டர். 1943-ல் ஹாம்பர்க்கில் கட்டியது. போருக்கு அப்புறம் நார்வேக்காரர்கள் ஓட்டினார்கள், 1972-லிருந்து இங்கே. பார்க்க வருகிறவர்களுக்காகப் பக்கவாட்டில் வாசல் வெட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள், திரும்ப வழி கிடையாது. ஒரு அறையிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு வட்டத் துவாரம். முதலில் ஒரு கால், அப்புறம் தலை, அப்புறம் மிச்சம். முதுகுப்பையோடு போனால் மாட்டிக்கொள்வீர்கள். துவாரத்தின் மேல் விளிம்பைப் பிடித்துத்தான் எல்லாரும் நுழைகிறார்கள், அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் போய் இரும்பு பளபளக்கிறது. டார்பிடோ வைக்கும் இடத்துக்கு மேலேயே படுக்கை. ஐம்பது பேருக்கு இரண்டு கழிப்பறை, புறப்படும்போது அதில் ஒன்றில் சாப்பாட்டுச் சாமானை அடைத்துவிடுவார்களாம்.

திரும்பும்போது மோல்டெனோர்ட்டில், நீர்மூழ்கிக்காரர்களின் நினைவிடம் பார்க்க இறங்கினேன். வழிகாட்டிப் பட்டியல்களில் இது பெரும்பாலும் இருக்காது. கட்டாயம் போங்கள். வெண்கலப் பலகைகளில் நீர்மூழ்கிகளில் செத்துப்போன 30,000 பேருக்கு மேல், படகு வாரியாக. இரண்டாம் போரில் நீர்மூழ்கியில் போன நாலு பேரில் மூன்று பேர் திரும்பவில்லை. யூ-180ஐத் தேடிப் போனேன். 1943 பிப்ரவரியில் நேதாஜி இதே கீலிலிருந்து ஏறிய படகு அது. மடகாஸ்கர் பக்கம் ரப்பர் தோணியில் அவரை ஜப்பான்காரர்களின் நீர்மூழ்கிக்கு மாற்றிவிட்டுத் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பிஸ்கே விரிகுடாவில் எல்லாரோடும் போயிற்று. நேதாஜி கதையில் நாம் படகைப் பாதியில் விட்டுவிடுகிறோம்.

பட்டாளத்தில் டாங்கி ஓட்டும் தம்பிக்குப் படம் அனுப்பினேன். ஒரு டிக்.

மே 2

மழை. ஒரு டிக்.

மே 3, முன்ஸ்டர்

டிக்கெட் எடுக்கும்போது கவனம். யூ எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்த ஊர் வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கும் பல்கலைக்கழக நகரம். புள்ளி இல்லாதது லூனபர்க் புல்வெளியில் இருக்கும் பட்டாளத்து ஊர், டாங்கி அருங்காட்சியகம் அங்கேதான். நடுவில் இருநூறு கிலோமீட்டர். மாத டிக்கெட்டில் வந்தேன் (2025-ல் 58 யூரோ). அது வட்டார ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும், அதிவேக ரயிலுக்குச் செல்லாது. அது மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடித்துவிடுவார்கள்.

கொட்டகை கொட்டகையாக 150க்கும் மேற்பட்ட வண்டிகள். முதல் போரின் ஏ7வி டாங்கி (அசல் இல்லை, மாதிரி), இரண்டாம் போரின் கனத்த டாங்கி ராஜபுலி (கிங் டைகர்), சுவரை இடிக்க ராக்கெட் குண்டு எறியும் ஸ்டர்ம்டைகர். பசங்கள் கூட்டமெல்லாம் ராஜபுலியைச் சுற்றித்தான். எனக்கு அது ஒரு வீட்டை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. பாலம் தாங்காது, டீசல் என்ன, பெட்ரோல் குடித்தே ஒரு ராணுவத்தை ஓட்டாண்டியாக்கியிருக்கும்.

நான் வந்தது கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் வைத்திருந்த சோவியத் டாங்கி டி-72க்காக. ஆவடியில் பண்ணியதும் இதுதானே. அப்பா ரிட்டையர் ஆகி வந்த புதிதில் ஆவடி வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் ஜன்னலைக் காட்டுவார். பக்கத்தில் போய் நின்றால் இவ்வளவு குள்ளமா என்றிருந்தது. கோபுரம் (பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டு) என் தலைக்கு மேல் அதிகமில்லை. டிரைவர் இருக்கை முன்னால் நட்ட நடுவில், தனி மூடி. அந்த ஓட்டையில் அவன் தோள் எப்படி நுழைகிறது என்று யோசித்தேன். குண்டு நிரப்ப ஆள் கிடையாது, இயந்திரம்தான் நிரப்பும். அதனால் மூன்றே பேர். குண்டுகள் கோபுரத்துக்குக் கீழே ஒரு வட்டத் தட்டில் இருக்கும், 22.

படம் எடுத்தேன். அனுப்பவில்லை.

மே 4, பெர்லின்

ஞாயிறு, கடை கிடையாது, பழைய சாமான் சந்தை மட்டும் உண்டு. ஒரு மேசையில் இரும்புத் தொப்பி, பதக்கம், பெல்ட் கொக்கி. ஸ்வஸ்திகா இருக்கும் இடத்தில் மட்டும் சின்னதாகக் கறுப்பு டேப். அந்தச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவது இங்கே குற்றம். விளையாட்டுக்குக் கையை நீட்டிப் போஸ் கொடுத்தாலும் குற்றம்தான், 2017-ல் நாடாளுமன்றக் கட்டடம் முன்னால் படம் எடுத்த இரண்டு சீனச் சுற்றுலாப் பயணிகளைப் போலீஸ் பிடித்தது. பித்தளைத் தோட்டா உறையையோ கத்தியையோ வாங்கிக் கைப்பையில் போட்டு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். நான் ஒரு பழைய வரைபடம் வாங்கினேன், போதும்.

இரவு அப்பா போன் செய்தார். பாகிஸ்தான் எல்லையோரப் பெரோஸ்பூர் கண்டோன்மென்டில் அரை மணி நேரம் விளக்கணைத்து ஒத்திகை நடந்ததாம். தம்பியைப் பற்றி, "அவன் அங்க இல்ல" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

மே 5, ஹால்பே

திங்கள். ஜெர்மனியில் பாதி அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும், அதனால் திங்களை மயானங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். ஹால்பே பெர்லினுக்குத் தெற்கே பைன் காட்டுக்குள். 1945 ஏப்ரல் கடைசியில் ஜெர்மன் ஒன்பதாவது படை இங்கே சுற்றி வளைக்கப்பட்டு, மேற்கே ஓடித் தப்பிக்கப் பார்த்தது. படையோடு சேர்ந்து ஊர் ஜனங்களும். காட்டில் சிதறிக் கிடந்தவர்களைத் தேடி எடுத்து ஓரிடத்தில் புதைக்க ஆரம்பித்தது 1951-ல், டைஷ்மன் என்ற பாதிரியார். இப்போது 22,000க்கு மேல். தரையோடு தரையாகச் சின்னக் கற்கள். பாதிக் கற்களில் பெயர் இல்லை, ‘தெரியாதவர்’ என்று மட்டும். சிலவற்றில் பிறந்த ஆண்டு, 1927, 1928. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். பிராண்டன்பர்க் மண்ணில் இன்னும் வெடிக்காத குண்டுகள் உண்டு. மெட்டல் டிடெக்டர் கொண்டுவருவதாக யாருக்காவது யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், அனுமதியில்லாமல் தோண்டுவது சட்டத்துக்கு விரோதம்.

ஒரு டிக்.

மே 6, வூன்ஸ்டார்ஃப்

இந்த ஊரில் எல்லாரும் பார்க்க வருவது ஜெர்மன் தரைப்படைத் தலைமையகத்தின் பாதாள அறைகளை. மேலிருந்து பார்த்தால் கிராமத்து வீடு மாதிரி தெரியும்படி கான்கிரீட்டுக்கு ஓட்டுக்கூரையும் சிம்னியும் வைத்திருந்தார்கள். அப்புறம் சோவியத் படை வந்து 1994 வரை இருந்தது. உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும், ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள், வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்.

நான் அரை மனதோடுதான் அதைப் பார்த்தேன். எனக்கு வேண்டியது ஸேரன்ஸ்டார்ஃப் இந்தியக் கல்லறை. முதல் போரில் பிடிபட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களை இங்கே அரைப்பிறை முகாமில் வைத்து, பிரிட்டனுக்கு எதிராகத் திருப்பப் பார்த்தார்கள். 1915-ல் முகாமில் மரத்தால் ஒரு மசூதியே கட்டிக் கொடுத்தார்கள். ஆள் திரும்பினானோ இல்லையோ, குளிரும் காசநோயும் கொண்டுபோயிற்று. 206 கல்லறைகள். சோவியத் காலத்தில் பயிற்சித் திடலாகிப் பாழடைந்து கிடந்ததைச் சீரமைத்து 2005-ல் திறந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து நல்ல நடை, கடை எதுவும் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். கதவுக்குப் பக்கத்தில் பதிவேடு இருந்தது. வருகிறவர்கள் எழுதலாம். என்ன எழுதுவது என்று தெரியாமல் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதினேன்.

அந்த முகாமில் கைதிகளின் குரலைப் பதிவு செய்திருக்கிறார்கள், பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் இன்னும் இருக்கிறது. 1916 டிசம்பரில் மால்சிங் என்ற சிப்பாய் பேசியது அதில் ஒன்று. தன்னைப் பற்றியே மூன்றாம் மனிதனைப் பற்றிப் பேசுவது போலச் சொல்கிறார்: ஊரில் வெண்ணெய் சாப்பிட்டு வளர்ந்த ஒருத்தன் ஐரோப்பியச் சண்டைக்கு வந்து மாட்டிக்கொண்டான், ஊருக்குப் போகணும் என்று ஆசைப்படுகிறான். மால்சிங் பெரோஸ்பூர் ஜில்லாக்காரர்.

இரவு 11. நம்மவர்கள் பாகிஸ்தானை அடித்துவிட்டார்கள். ஒன்பது இடம் என்கிறார்கள். ஊரில் இப்போது விடிகாலை இரண்டரை. அப்பாவை எழுப்பலாமா வேண்டாமா?

மே 7

எங்கும் போகவில்லை.

22 குண்டு என்பது தட்டில் இருப்பது மட்டும். கூடுதலாக உள்ளே அங்கங்கே செருகி வைப்பதும் உண்டு. 2023 பிப்ரவரியில் உக்ரைனிலிருந்து எரிந்துபோன டி-72 ஒன்றைக் கொண்டுவந்து இங்கே ரஷ்யத் தூதரகத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள், ரோஜாப்பூ வைத்தார்கள் சிலர். அன்று அந்தப் படத்தை நானே தம்பிக்கு அனுப்பிக் கிண்டல் செய்தேன், உன் வண்டி பெர்லின் போய்விட்டது பார் என்று. சிரிக்கிற பொம்மை போட்டான். அடிபட்டால் டாங்கியின் கோபுரம் ஏன் பறக்கிறது என்று அப்போது படித்ததெல்லாம் இன்று காலையிலிருந்து வரிசையாக ஞாபகம் வருகிறது. குண்டும் வெடிமருந்தும் ஆட்களும் ஒரே அறையில். டிரைவர் முன்னால், தனியாக. தனியாக என்பது நல்லதா கெட்டதா? பழைய போர் என்றால் எனக்கு எண்ணிக்கை தெரியும், தேதி தெரியும், யார் எங்கே தப்பு செய்தான் என்பதுகூடத் தெரியும்.

கல்பாக்கத்தில் இன்று போர்க்கால ஒத்திகையாம். அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பா லைனில் வரவில்லை.

மே 8, கார்ல்ஸ்ஹோர்ஸ்ட்

போர் முடிந்த 80ஆம் ஆண்டு என்பதால் பெர்லினில் இன்று மட்டும் விசேஷ விடுமுறை. மறுபடியும் ரொட்டி, வாழைப்பழம். அறையில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று கிளம்பினேன்.

புறநகர் ரயிலில் கார்ல்ஸ்ஹோர்ஸ்ட், அப்புறம் கொஞ்சம் நடை. அனுமதி இலவசம். ராணுவப் பொறியியல் பள்ளியில் அதிகாரிகள் சாப்பிடும் கூடமாக இருந்த அறை அது. 1945-ல் சோவியத் தளபதி ஷுகோவ் முன்னால் ஜெர்மன் தளபதி கைடல் உட்கார்ந்து சரணாகதியில் கையெழுத்துப் போட்டது இங்கேதான், மே 8 நள்ளிரவு தாண்டி. முந்தின நாளே ரைம்ஸில் ஒரு கையெழுத்து ஆகிவிட்டது, ஸ்டாலின் அது போதாது என்றதால் இன்னொன்று. மேசைகளை அப்படியே போட்டு வைத்திருக்கிறார்கள். நீளமான மேசை ஜெயித்தவர்களுக்கு, ஓரத்தில் கதவுக்குப் பக்கத்தில் சின்ன மேசை தோற்றவர்களுக்கு. கூட்டம் தாங்கவில்லை. சாதாரண நாளில் வந்தால் நிதானமாக நிற்கலாம்.

மே 9, டிரெப்டோ பூங்கா

நேற்று ராத்திரி டிவியில் கராச்சி துறைமுகம் எரிகிறது என்று கத்தினார்கள். காலையில் அதெல்லாம் பொய். இந்த மாதிரி ஆட்களை என்ன செய்வது? ஒரு வீட்டில் ஒரு கிழவர் ராத்திரி முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சோவியத் நினைவிடம். 12 மீட்டர் வீரன், ஒரு கையில் குழந்தை, மறு கையில் வாள். கீழே சுமார் 7,000 பேர். ரஷ்யக் கொடிக்கு இந்த இரண்டு நாளும் தடை, நிறையப் போலீஸ். பூவோடு வருகிறவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

பெரோஸ்பூரில் ஒரு வீட்டு மேல் ட்ரோன் விழுந்து குடும்பமே தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில்.

ஒரு டிக்.

மே 10, ஸேலோ

போலந்து எல்லைப் பக்கம் போகும் ரயில். ஸ்டேஷனிலிருந்து சில கிலோமீட்டர். சனி ஞாயிறில் பஸ்ஸை நம்பாதீர்கள், நடக்கலாம், சமதரைதான், கடைசியில் மட்டும் மேடு. மேடு என்றால் நம்ம ஊர்க் கணக்கில் ஒன்றுமே இல்லை. இந்த ஒன்றுமில்லாத மேட்டில் ஏறத்தான் ஷுகோவின் படைக்கு 1945 ஏப்ரல் 16-லிருந்து நாட்கள் பிடித்தது. எதிரியின் கண்ணைக் கூச வைக்க 143 தேடுவிளக்குகளைப் போட்டார்கள். சொந்தப் பீரங்கி கிளப்பிய புகையிலும் தூசியிலும் பட்டு வெளிச்சம் திரும்பி அவர்கள் கண்ணிலேயே அடித்தது. மேலே நின்று கீழே ஓடர் சமவெளியைப் பார்த்தால் வரைபடம் வேண்டாம், எல்லாம் விளங்கிவிடும். ஒரே ஒரு போர்க்களம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த மேட்டில் நிற்கும்போதுதான் அம்மா போன். "நிறுத்திட்டாங்களாம்." ஊர் நேரம் ஐந்து மணியிலிருந்து சண்டை நிறுத்தம். நான் ஒரு பீரங்கியின் கால் மேல் உட்கார்ந்துவிட்டேன், காவலர் வந்து எழுந்திருக்கச் சொன்னார்.

இரவு: ஸ்ரீநகரில் மறுபடியும் வெடிச்சத்தம் என்கிறார்கள்.

மே 11

இரண்டு டிக். காலை 6:40.

மத்தியானம் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, டேங்க் பாத்தியாமே. அப்பா சொன்னாரு."

"சாப்டியாடா?"

"சாப்டேன், சாப்டேன். உள்ள ஏற விட்டாங்களா?"

"கயிறு கட்டி வச்சிருக்காங்க."

"நம்மளுது இன்னும் சுத்தமா இருக்கும்."

அவ்வளவுதான், சிக்னல் போய்விட்டது. பின்னால் யாரோ இந்தியில் திட்டிக்கொண்டிருந்தார்கள். முன்ஸ்டர் படங்கள் எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பினேன், வாழைப்பழம் வைத்த படம் உட்பட.

மே 12, டிரெஸ்டன்

ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் திங்களன்று திறந்திருக்கும், புதன்தான் விடுமுறை. மற்ற ஊர்க் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள். பழைய ஆயுதக் கிடங்கின் முகத்தில் லிபெஸ்கிண்ட் ஒரு இரும்பு ஆப்பைச் செருகியிருக்கிறார், 2011-ல். வெளியே நின்று ரொம்ப நேரம் திட்டினேன், உள்ளே ஏறி ஆப்பின் நுனியில் நின்றபோது வாபஸ் வாங்கிக்கொண்டேன். தரை சரிவு, சுவர் சரிவு, வெளியே 1945-ல் எரிந்த நகரம்.

முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நிற்க வைத்த வி-2 ராக்கெட் பல மாடிக்கு நீளுகிறது. எனக்குப் பிடித்தது மிருகங்களின் ஊர்வலம். போருக்கு இழுத்துவரப்பட்ட யானை, ஒட்டகம், குதிரை, நாய் எல்லாம் ஒரே திசையில் வரிசையாகப் போகின்றன. கூடவே ஒரு ஆடு. கண்ணிவெடி இருக்கும் நிலத்தில் ஓட்டிவிடுவார்களாம். பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் அதன் காலைக் காட்டி டீச்சரிடம் ஏதோ கேட்டான், அவர் நீளமாகப் பதில் சொன்னார். முதல் போர்ப் பதுங்குகுழி நாற்றத்தை முகர்ந்து பார்க்கவும் ஏற்பாடு உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம்.

மே 13

பெட்டி கட்டியாகிவிட்டது. விமானம் பாகிஸ்தானைச் சுற்றிக்கொண்டு போகும், நேரம் கூடும் என்று மெயில். வரைபடம் உருளையைக் கையில் எடுத்துப்போக விடுவார்களா தெரியவில்லை, கேட்க வேண்டும்.