அஞ்சியோகிராமுக்குப் பிறகு அப்பாவுக்குக் கண் தெரியாமல் போனது

போன வருடம் யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்கு அஞ்சியோகிராம் செய்தார்கள். இரத்தக்குழாய்க்குள் மருந்து ஏற்றிப் படமெடுத்து, அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. வயது 71. பிரஷரும் சலரோகமும் பல வருடமாக இருக்கின்றன. பெரிய அடைப்பு இல்லை, மாத்திரையே போதும் என்று சொல்லி வோட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

ஒன்றரை மணித்தியாலம் போயிருக்கும். தேத்தண்ணீரை நீட்டினேன். அப்பாவின் கை கோப்பையைத் தேடித் துழாவியது. "ஏன் பிள்ளை லைற்றை நூத்தனீ?" என்றார். நேரம் மத்தியானம் இரண்டு மணி, யன்னலும் திறந்துதான் இருந்தது.

களைப்பில் உளறுகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்துக் கட்டிலுக்குத் துணை நின்ற அம்மாதான் "மிஸ்ஸியைக் கூப்பிடு பிள்ளை" என்று என்னைக் கலைத்துவிட்டார். டொக்டர் வந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி ஒழுங்காகச் சுருங்கியது. "கண்ணிலை பிழையில்லை, மூளையைப் பார்க்கவேணும்" என்றார்.

சிடி ஸ்கானில் மூளையின் பின்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. இரத்தம் கசிந்திருந்தாலும் அப்படித்தான் தெரியும், அஞ்சியோகிராமுக்கு ஏற்றிய அயடீன் மருந்து கசிந்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். இரத்தத்தில் உள்ளதெல்லாம் மூளைக்குள் போய்விடாமல் அங்குள்ள இரத்தக்குழாய்ச் சுவர் காக்கிறது. மிக அரிதாகச் சிலருக்கு இந்த மருந்து அதையும் தாண்டிவிடுமாம். பார்வைக்குரிய பின்பகுதிதான் இதற்கு எளிதில் அகப்படும். சிலருக்கு வலிப்பு வரலாம், கை கால் வழங்காமல் போகலாம், பேச்சுக் குழறலாம். பிரஷர் உள்ளவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

"மருந்தெண்டால் கெதியிலை கரைஞ்சிடும். இரத்தம் ஒரு நாளிலை போகாது. நாளைக்குத் திருப்பி எடுப்பம்" என்றார் டொக்டர். சேலைன் ஏற்றினார்கள், பிரஷரை அடிக்கடி பார்த்தார்கள். அந்த இரவு முழுக்க அப்பா என் கையை விடவில்லை.

மறுநாள் ஸ்கானில் அந்த வெள்ளை இல்லை. பின்னேரம் யன்னல் வெளிச்சம் தெரிகிறது என்றார் அப்பா, அப்புறம் என் சட்டையின் நிறத்தைச் சொன்னார். மூன்றாம் நாள் காலை உதயன் பேப்பரை வாங்கித் தலைப்புகளை வாசித்தார். நான் வெளியே போய் அழுதேன்.

அஞ்சியோகிராமுக்கு முன்னர் அலர்ஜி கேட்டார்கள், சிறுநீரகம் பற்றிக் கேட்டார்கள். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உளறல் என்று நினைத்திருக்க மாட்டேன். எவ்வளவு அரிதானாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

டிக்கட் வெட்டி வீட்டுக்கு விடும்போது நடந்ததையும் மருந்தின் பெயரையும் அளவையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச்சொல்லி நின்று வாங்கினேன். இந்த வருடம் வயிற்று ஸ்கானுக்குப் போனபோது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரித்துக் காட்டினேன். மருந்து ஏற்றாமலேயே எடுத்தார்கள்.