எடுத்தால் பந்தலுக்கு வரலாமோ?

“பிள்ளை, இதை எடுத்தா நான் பந்தலுக்கு வரலாமோ?” காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடுகிற ஒரு அம்மா, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது இவ்வளவுதான். பந்தல் என்றது, அவரைப் போன்றவர்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு உட்கார்ந்திருக்கிற போராட்டப் பந்தலை. “அது உங்கட விருப்பம் அம்மா” என்றேன். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

படிவம் காணப்படாமைச் சான்றிதழுக்கானது. ஆள் இறந்ததாகச் சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் அரசாங்கம் கொடுக்கிற பத்திரம் அது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் வங்கி, காணி, பிள்ளைகளின் பாதுகாவல் போன்ற அலுவல்களைப் பார்க்கட்டும் என்று இலங்கையில் 2016இல் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தார்கள். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் 2022 மார்ச்சில், இந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஒரே தடவையில் ஒரு இலட்சம் ரூபாய் என்று அமைச்சரவை முடிவெடுத்ததும் அம்மாக்கள் கொதித்துப்போனார்கள். காசைக் கொடுத்துக் கணக்கை மூடி, அதை ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் காட்டப் பார்க்கிறார்கள் என்றார்கள். போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று கேட்கிறவளுக்கு ஒரு இலட்சத்தை நீட்டினால் வேறு என்ன சொல்வாள்? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் உட்கார்ந்தவர்கள் காசு கேட்டு உட்காரவில்லை.

ஆனால் இந்த அம்மாவின் வீட்டில் காணி மகனின் பெயரில் கிடந்தது. பேரன் வளர்ந்துவிட்டான், மருமகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவர் கொண்டுவந்த பொலித்தீன் பையில் மனித உரிமை ஆணைக்குழு, செஞ்சிலுவை, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு, கடைசியாக அவர்களுக்கென்று அரசாங்கம் அமைத்த அலுவலகமான ஓ.எம்.பி. என்று எல்லா இடத்துக்கும் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் இருந்தன, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி. கடைசியாகக் கண்ட திகதியை நான் கேட்க முன்னமே சொல்லிவிட்டார்.

சி.ஐ.டி. வீடு தேடி வந்து “ஆர் காசு தாறது, பந்தலில ஆர் ஆர் இருக்கிறது” என்று விசாரித்தபோது, “என்ர பிள்ளையைத் தந்திட்டு விசாரி” என்று சொன்ன மனிசி இவர். பந்தலுக்கு எதிரே நின்று கைத்தொலைபேசியில் படம் எடுப்பவனை முறைத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் பயந்தது பக்கத்துப் பாயில் இருக்கிற பெண்ணின் முகத்துக்கு. அது எனக்கு அப்போதே விளங்கியது. விளங்கியும் விருப்பம், உரிமை என்று பேசினேன்.

இப்படியான குடும்பங்களுக்கு உதவுகிற நிறுவனம் ஒன்றில்தான் எனக்கு வேலை. எங்கள் வேலையில் சட்டத்தை விளங்கப்படுத்தலாம், முடிவு சொல்லக்கூடாது. அந்த விதி சும்மா வந்ததல்ல. நிறுவனத்துக்காரர் சொல்லித்தான் எடுத்தேன், அவர்கள் தடுத்துத்தான் எடுக்கவில்லை என்று பிறகு பழி வரும். இன்னொன்று, எடுத்தவர்களைக் காட்டி “உங்கட ஆக்களே வாங்கிட்டினம், நீங்கள் ஏன் இன்னும் இருக்கிறியள்” என்று மற்றவர்களைக் குத்துவதும் நடக்கும். சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டு மாலையில் வீடு போகிற நான், வெயிலிலும் மழையிலும் அங்கே கிடக்கிறவர்களின் முடிவை உடைக்கிற மாதிரி எதையாவது சொல்லலாமா? நான் வாயை மூடிக்கொண்டது சரி என்றுதான் நினைக்கிறேன், பெரும்பாலான நாட்களில்.

ஆனால் அவர் சட்டத்தையா கேட்டார்? மகனுக்கு அடுத்தபடியாக அவருக்கு இருந்தது அந்தப் பந்தல்தான். சான்றிதழ் எடுப்பதும் மகனைத் தேடுவதை விடுவதும் ஒன்றல்ல என்று யாராவது ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும், அதற்காகத்தான் வந்தார். காணி அலுவல் முடியாமல் பேரனும் கஷ்டப்பட்டால் அதனால் அரசாங்கத்துக்கு என்ன நட்டம்? அதே நேரம், எல்லோரும் இப்படி ஒவ்வொரு காரணத்தோடு எடுத்தால் பந்தலில் யார் மிஞ்சுவார்கள் என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

படிவத்தை நிரப்பாமலே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். எடுத்தாரா இல்லையா என்று நானும் கேட்கவில்லை.

இப்போது யாராவது அப்படிக் கேட்டால், “வரலாம் அம்மா, கட்டாயம் வாங்கோ” என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்ல உனக்கு ஆர் அதிகாரம் தந்தது என்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சங்கத்து அக்கா ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். அவருடைய கணவரையும் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார், அவர் கேட்டதும் நியாயம்தான்.