பச்சை விறகும் பளபளக்கும் கரியும்: ஷ்வார்ஸ்வால்ட் நாட்குறிப்பு

6 அக்டோபர் 2024

காலையில் கதவைத் திறந்தால் புல்வெளி முழுக்க வெள்ளைப் பூச்சு. முதல் உறைபனி. ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருஷம் அடுக்குமாடி வீடுகளில் ரேடியேட்டரைத் திருகியே குளிர்காலத்தைக் கடத்திவிட்டோம். ஷ்வார்ஸ்வால்ட் என்கிற கருங்காட்டுப் பகுதியில் இருக்கும் இந்தக் கிராமத்து வீட்டில் விறகு அடுப்புதான் எல்லாம்.

சிம்னி என்கிற புகைபோக்கிகளைப் பார்வையிட்டுச் சுத்தம் செய்பவர் சிம்னிக்காரர். பகுதிக்குப் பொறுப்பான சிம்னிக்காரரின் உத்தரவுக் கடிதம் மேசைமேல் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க விறகு எரிக்கிற வீடு என்பதால் வருஷத்துக்கு மூன்று முறை சிம்னியைச் சுத்தம் செய்ய வேண்டும். எந்தத் தேதிக்குள் என்பதும் அதிலேயே இருக்கிறது. 2013 முதல் தகுதி பெற்ற யாரையும் அழைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததற்கான படிவம் மட்டும் பகுதிக்காரர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "இந்த வீட்டுச் சிம்னியை அறிந்தவர்களையே கூப்பிடு" என்றார். அப்படியே செய்தேன்.

14 அக்டோபர் 2024

நான் அழைத்த சிம்னிக்காரர் ஏழரைக்கு வருவதாகப் பேச்சு, ஏழு இருபத்தெட்டுக்கு மணி அடித்தது. வந்தது ஒரு பெண், முப்பது வயதிருக்கும். கறுப்புச் சட்டையில் இரண்டு வரிசைப் பொன்னிறப் பொத்தான்கள், தோளில் சுருட்டிய கயிறு. கயிற்று நுனியில் இரும்புக் குண்டு, அதற்குமேல் நட்சத்திரம்போல் விரிந்த கம்பித் தூரிகை.

பரண் சன்னல் வழியாகக் கூரைக்கு ஏறி, குண்டின் கனத்தில் தூரிகையை உள்ளே இறக்கினார். சுவருக்குள் சர்ர், சர்ர் என்று சத்தம். பிறகு நிலவறைக்கு வந்து, சிம்னியின் அடியில் இருக்கும் சின்ன இரும்புக் கதவைத் திறந்து கரியை வாரினார். முக்கால் வாளி, மாவு மாதிரி மென்மையாக. இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அவர் கதவுக்குள் கண்ணாடியை நீட்டி விளக்கடித்தார். பேசவில்லை, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தார் ஊற்றி உறைந்ததுபோல் உட்சுவர் பளபளத்தது. ஒரு சில்லைப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்புக் கண்ணாடித் துண்டு போலவே இருந்தது. மூக்குக்கருகே கொண்டுபோனால் புகையில் காட்டிய கருவாட்டு வாசனை. 'கிளான்ஸ்ரூஸ்' என்று பெயராம். பளபளக்கும் கரி.

ஈர விறகை எரித்து, காற்றையும் குறைத்து வைத்தால், புகை முழுதாக எரியாமல் மேலே போய், குளிர்ந்த சுவரில் தாராகப் படிந்துவிடும். தூரிகைக்கு அது மசியாது. தீப்பிடித்தால் சிம்னிக்குள் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டலாம். அப்போது தண்ணீர் ஊற்றவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1700 லிட்டர் ஆவியாக விரியும், சிம்னியே வெடித்துவிடும். அவசர எண் 112-ஐ அழைத்துவிட்டு வெளியே போக வேண்டும்.

அப்புறம் விறகுக் குவியலைப் பார்த்தார். போன மாதம் வாங்கியது. விற்றவர் "காய்ந்தது" என்றுதான் சொன்னார். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, நடுவில் ஈரமானியின் ஊசியைக் குத்தினார். 34 சதவீதம். சட்டப்படி 25-க்குள் இருக்க வேண்டும்.

அம்மா ஊதுகுழலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு "பச்சை விறகைக் கொடுத்து ஏமாத்திட்டான்" என்று புலம்பியது நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் அடுக்களையில் புகை ஓட்டு இடுக்கு வழியாகத் தன் இஷ்டத்துக்குப் போகும், பொங்கலுக்கு முன்னால் ஒட்டடை அடித்தால் போதும். இங்கே மூடிய குழாய்க்குள் என்ன சேர்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரிவதே இல்லை.

25 அக்டோபர் 2024

இன்று சிம்னியை எரித்துச் சுத்தம் செய்தார்கள். தீயணைப்புப் படைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியாகிவிட்டது. சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, சிம்னியை ஒட்டியிருந்த அலமாரிகளை நகர்த்தி, மாடிக்கு ஓர் ஆளை நிறுத்தினார்கள். பிறகு கீழிருந்து கேஸ் பர்னரால் பற்றவைத்தார் அந்தப் பெண்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ரயில் சுரங்கத்துக்குள் நுழைவதுபோல் ஓர் இரைச்சல். என் கை நடுங்கியது. அவர் படுக்கையறைச் சுவரில் கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே நின்றார். எரியும்போது அந்தக் கரி பொங்கிக் குழாயையே அடைத்துவிடுமாம். அதனால் கூரையில் இன்னொருவர் தூரிகையோடு காத்திருந்தார். கேட்பாரற்று நள்ளிரவில் இதுவே நடந்திருந்தால் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

10 நவம்பர் 2024

காய்ந்த பீச் (beech) மர விறகு கிடைத்தது, ஈரம் 17 சதவீதம். பெரிய கட்டைகளை அடியில் வைத்து, சுள்ளிகளை மேலே அடுக்கி, உச்சியில் பற்றவைக்கச் சொல்லியிருந்தார் சிம்னிக்காரப் பெண். நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேர் எதிர். ஆனால் கீழிருந்து எழும் புகை மேலே இருக்கும் தீயிலேயே எரிந்துவிடுகிறது. அடுப்புக் கண்ணாடி நாள் முழுக்கத் தெளிவாக இருந்தது. இரவில் காற்றை அடைத்துத் தணலைக் காப்பாற்றும் வேலையையும் விட்டுவிட்டேன்.

மத்தியானம் சாம்பாருக்குத் தாளிக்கும்போது எக்ஸாஸ்டைப் போட்டேன், கூடத்தில் புகை நெடி. ஓடிப்போய் அணைத்து, சன்னலைத் திறந்தேன். வெளியே காற்றைத் தள்ளும் அந்த மின்விசிறி, சிம்னி வழியாக மேலே போக வேண்டிய புகையை வீட்டுக்குள் இழுத்திருக்கிறது. போனில் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது. புகை கண்ணுக்குத் தெரியும், கார்பன் மோனாக்சைடு தெரியாதே. சன்னல் திறந்திருந்தால் மட்டும் எக்ஸாஸ்ட் ஓடும்படி ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும் என்றார். எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லியாகிவிட்டது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இன்றைக்கே வாங்கினேன். விறகடுப்பும் எக்ஸாஸ்டும் சேர்ந்து இருக்கும் நம்மவர் வீடுகளில் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

30 டிசம்பர் 2024

பழைய அடுப்பு 2004-ஆம் ஆண்டுடையது. 1995 முதல் 2010 மார்ச் வரை அனுமதி பெற்ற அடுப்புகள் தூசிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் உள்ள வரம்புக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளையோடு சரி. எங்களிடம் சான்றிதழ் இல்லை, புதிது வைத்துவிட்டோம். பகுதிக்காரர் வந்து பார்த்துக் கையெழுத்திடும் வரை தீ மூட்டக் கூடாது. மூன்று நாள் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர்.

இன்று அவர் வந்தார், கூடவே அந்தப் பெண்ணும். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியைச் சுற்றி ஓடிவந்து அவள் பொத்தானைத் தொட்டுக்கொண்டார். புத்தாண்டுக்கு முன் சிம்னிக்காரரைத் தொட்டால் நல்லது நடக்குமாம். ஒரு சிம்னியில் பிடித்த தீயில் தெருவே போன காலத்து நம்பிக்கை. நானும் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

அவர்கள் போன பிறகு, கொட்டகையில் அடுக்கிய புதுக் கட்டைகளில் ஒன்றைப் பிளந்து அளந்தேன். 41. அடுக்கின் மேல் சாக்பீஸால் "2026 அக்டோபர்" என்று எழுதி வைத்தேன்.