ஒரு நாளைக்கு ஓர் இழை

2025 ஜனவரியில் புனேயில் பலருக்கு வந்தபோதுதான் கில்லன் பாரே சிண்ட்ரோம் என்ற நரம்பு நோயின் பெயர் தமிழ்ப் பத்திரிகைகளில் அதிகம் அடிபட்டது. எங்கள் வீட்டில் அது அதற்கு முன்பே புழங்கிய பெயர். காரைக்குடியில் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்வந்த அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வயிற்றுப்போக்கு வந்தது, சரியானது, எல்லோரும் மறந்தும் போனோம். பிறகு ஒரு நாள் காலையில் முகப்புப் படி இறங்கும்போது கால் மடங்கிவிட்டது. மறுநாள் இரண்டு கால்களிலும் வலு இல்லை. அதற்கடுத்த நாள் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.

நரம்பு மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் பாதுகாப்புப் படை, ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளையே தாக்குகிறது. காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சு இழுக்கும் தசைகள் வரை ஏறிவிட்டால் வென்டிலேட்டர். எதுவரை ஏறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான்கு வாரத்துக்குள் ஏறுவது நின்றுவிடும், அதன்பிறகு மெதுவாக இறங்கும். ஆறு மாதத்தில் நூற்றுக்கு எண்பது பேர் துணையில்லாமல் நடந்துவிடுகிறார்கள் என்றார். நான் மீதி இருபது பேரைப் பற்றிக் கேட்டேன். ஆத்தா, அதாவது என் அம்மா, என் கையை அழுத்தி, "அதை எதுக்குக் கேக்குற?" என்றாள்.

இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஐந்து நாள் ஏற்றினார்கள். எடைக்குத் தக்க அளவு, கிலோவுக்கு 0.4 கிராம். அப்பச்சி 65 கிலோ, ஆகவே நாளொன்றுக்கு 26 கிராம். விலையைச் சொன்னால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஆனால் அந்தக் குப்பியில் இருப்பது ஆயிரக்கணக்கான பேர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது என்று நர்ஸ் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். அன்று இரவு காரிடாரில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரென்று தெரியாத ஆயிரம் பேர். கடவுள் உதவுகிறார் என்று பெரியவர்கள் சொல்லும்போது இப்படி ஒன்றைத்தான் சொல்கிறார்களோ என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

மருந்து முடிந்தும் நோய் ஏறிக்கொண்டுதான் இருந்தது. குரல் கம்மியது. எச்சில் விழுங்க முடியவில்லை. ஒரு விடியற்காலை குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்துவிட்டார்கள்.

காரைக்குடிக்கும் மதுரைக்கும் இடையே காரில் போய்வரும்போதெல்லாம் பிள்ளையார்பட்டியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நான் தாண்டும்போதெல்லாம் ஒரு வேண்டுதல் வைத்தேன். முதலில் சிதறு தேங்காய் 11. கை விழுந்ததும் 108. குரல் போனதும் சதுர்த்தி விரதம். வென்டிலேட்டர் போட்ட பிறகு என்ன சொன்னேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வட்டி ஏறுவது போல நேர்ச்சை ஏறிக்கொண்டே போனது. லேவாதேவி பார்த்த குடும்பத்தில் பிறந்தவனுக்குச் சாமியிடமும் அந்தப் பேச்சுதான் வாயில் வருகிறது. ஒவ்வொரு முறை பேரம் முடிந்து மதுரை போய்ச் சேரும்போதும் பயம் இன்னும் கூடித்தான் இருந்தது. கொடுத்தது போதுமா போதாதா என்ற கணக்கு வேறு அதோடு சேர்ந்துகொண்டது.

பார்க்க வந்தவர்களும் சும்மா வரவில்லை. ஆளுக்கொரு பரிகாரம் கொண்டுவந்தார்கள். அஷ்டமச் சனி என்றார் ஒருவர். திருக்கடையூர் போகச் சொன்னார் இன்னொருவர். பெரியப்பச்சி மகன், என் அண்ணன், ஐசியூ வாசலிலேயே நின்று, "சித்தப்பா எந்திரிச்சதும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வர்றதா வேண்டிக்கிட்டேன்" என்றார். யார் நடப்பதாக என்று கேட்டேன். "சித்தப்பாதான்" என்றார். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாமல் கிடக்கிற மனிதர் பேரில்!

திருக்கார்த்திகைக்கு முதல் நாள் ஆத்தா ஒரு புது நூல் வேட்டியை என் கையில் கொடுத்தாள். "நாளையிலேர்ந்து இழை எடுக்கணும். நான் ஊருக்குப் போக முடியாது. நீ எடு."

நகரத்தார்களான எங்கள் பக்கத்தில் பிள்ளையார் நோன்பு எல்லோருக்கும் தெரிந்தது. திருக்கார்த்திகையில் தொடங்கி 21 நாள். மார்கழியில் சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் நோன்பை முடிப்பார்கள். கோடி வேட்டியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாக்கி, வெல்லம் சேர்த்த மாவில் வைத்து, நெய்யில் ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். மொத்தமாக ஒரே நாளில் இழை எடுத்துவிடுகிற வீடுகளும் இருக்கின்றன, வேலை மிச்சம். எங்கள் அப்பத்தா மட்டும் நாளுக்கு ஒன்று என்பதில் கறார். ஆத்தாளும் அப்படியே.

கதையும் தெரிந்ததுதான். கப்பலேறி வணிகத்துக்குப் போன நம் முன்னோர்கள் புயலில் மாட்டிக்கொண்டு திசை தெரியாமல் கடலில் அலைந்தார்கள். பிள்ளையாரை நினைத்து, கட்டியிருந்த வேட்டியிலிருந்தே ஒரு நாளைக்கு ஓர் இழையாக எடுத்து வைத்தார்கள். 21ஆம் நாள் கரை கண்டார்கள். இருந்த மாவில் பிள்ளையார் பிடித்து, அந்த இழைகளையே விளக்காக்கிப் படைத்தார்கள். சிறுவயதிலிருந்து ஒவ்வொரு மார்கழியிலும் கேட்ட கதை. பணியாரம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே கேட்டதால் நான் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது.

மருத்துவமனைக்கு எதிரே இருந்த லாட்ஜ் அறையில்தான் முதல் இழையை எடுத்தேன். புது வேட்டியில் நூல் எடுப்பது லேசான காரியம் இல்லை. ஓரத்தில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் நாலு விரற்கடையில் அறுந்துவிடும். நகத்தால் நெருடி ஒரே ஒரு நூலை மட்டும் தனியாக்கி, துணியை மறுகையால் தளர்த்தி, இழுக்கிறோமா இல்லையா என்ற அளவில் இழுக்க வேண்டும். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடத் தோன்றும். முழு நீளமும் வந்த பிறகு பார்த்தால், அவ்வளவு நேரமும் நான் எதையும் கேட்கவில்லை. பேரம் இல்லை, மீதி இருபது பேர் இல்லை. பிள்ளையாரே என்று ஒரு சொல் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இழையை மடித்து எவர்சில்வர் டப்பாவில் வைத்தேன்.

அப்படியே தினமும். காலையில் ஐசியூவில் பார்க்க விடும் நேரத்துக்கு முன்னால் இழை. பிறகு உள்ளே போய், முந்தைய இரவு எப்படி என்று கேட்டுக்கொண்டு, கால் விரல்களை மடக்கி நீட்டிவிட்டு, கண் சிமிட்டலில் பேசிவிட்டு வருவேன். ஆமாம் என்றால் ஒரு சிமிட்டல், இல்லை என்றால் இரண்டு. இந்த நோயில் புத்தி துளியும் மங்குவதில்லை. எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும், ஒன்றும் அசையாது. தூங்குகிறவரிடம் பேசுவதுபோல அவர் முன்னால் பேசாதீர்கள் என்று பிசியோதெரபிஸ்ட் எங்களை அதட்டியது நல்லதாகப் போயிற்று.

நாலைந்து இழை சேர்ந்த பிறகுதான் அந்தக் கதையில் ஒன்று உறைத்தது. 21 என்பது நமக்குத் தெரியும். காலண்டரில் போட்டிருக்கிறது. கப்பலில் இருந்தவர்களுக்கு முதல் இழையை உருவும்போது அது தெரியாது. மூன்றா, முப்பதா, கரையே கிடையாதா, ஒன்றும் தெரியாமல்தான் எடுத்திருக்கிறார்கள். காப்பாற்றப்பட்ட பிறகு செய்த நன்றிக்கடனாகவே நான் அதுவரை அதை நினைத்திருந்தேன். பாதி நடுக்கடலில் செய்தது அது. கரைக்கு வந்தால்தான் அவர் துணை என்று அவர்கள் இருந்திருந்தால் அந்த வேட்டி முழுசாக இருந்திருக்கும். அன்றிலிருந்து பிள்ளையார்பட்டியைத் தாண்டும்போது நான் கணக்கைத் திறக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி உள்ளே போனேன். பாறையில் குடைந்த அந்த இருட்டுக்குள், இரண்டே கையோடு வடக்கு பார்த்து உட்கார்ந்திருக்கிற பெரிய உருவத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயத்தோடு நிற்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நோன்பன்று ஆச்சி, அதாவது என் அக்கா, மருத்துவமனையில் இருந்துகொண்டாள். ஆத்தாளை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். பொரி வகைகள், கருப்பட்டிப் பணியாரம், ஆவாரம்பூ, நெற்கதிர் எல்லாம் பங்காளி வீட்டார் தயாராக வைத்திருந்தார்கள். சங்கு ஊதி, தீபம் காட்டி, வயசு வரிசையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வருஷமும் முதல் இழையை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பது அப்பச்சிதான். அன்று பெரியவர் இன்னொருவர் கொடுத்தார். மூக்குக் குழாயில் கஞ்சி போகிறவருக்கு இழையை எப்படிக் கொடுப்பது என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். ஆத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடுத்த வருஷம் எடுத்துக்கிடுவாக. நீங்க வாயைத் திறங்க" என்றாள்.

அன்றைக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. நோய் ஏறுவது அதற்குச் சில நாள் முன்பே நின்றிருந்தது, இறங்கத் தொடங்கவில்லை. கழுத்தில் துளையிட்டுக் குழாய் போட்டதும், வென்டிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததும், தோள் முதலில் அசைந்ததும் அதன் பிறகுதான். வீட்டுக்கு வந்து, வாக்கர் பிடித்து, வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி நடந்து, வெயில் காலம் முழுக்க அதிலேயே போயிற்று. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். விரல் நுனிகள் இன்னும் மரத்திருப்பதால் சட்டைப் பொத்தானை ஆத்தாதான் போட்டுவிடுகிறாள்.

குரல் திரும்பிய பிறகு, "ராத்திரியெல்லாம் என்னங்கப்பச்சி பண்ணினீங்க?" என்று கேட்டேன். நான் பயந்துகொண்டே கேட்ட கேள்வி. அவர் சாதாரணமாகச் சொன்னார். தினமும் நடந்தாராம். கொப்புடையம்மன் கோயில் வாசலில் கிளம்பி, பழைய ரோட்டில், கடை கடையாக, மரம் மரமாகப் பிள்ளையார்பட்டிக்கு. அவசரம் கிடையாது. வழியில் தெரிந்தவர்கள் வந்தால் நின்று பேசுவாராம். பாதி நாள் சளி உறிஞ்ச நர்ஸ் வந்து கூப்பிட்டுவிடுவாளாம், விட்ட இடத்திலிருந்து மறுபடி நடப்பாராம். "குன்னக்குடி வந்ததும்தான் ரோசனை. மலையேறிக் கும்பிட்டுட்டுப் போவமா, கீழேயே நின்னு கும்பிட்டுப்புட்டுப் போவமான்னு. நமக்குத்தான் காலே இல்லையே, வலிக்கவா போகுது, ஏறிட்டேன்" என்று சிரித்தார். போய்ச் சேர்ந்த நாளும் உண்டு, சேராத நாளும் உண்டு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றார்.

அடுத்த கார்த்திகைக்கு வேட்டியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மரத்த விரலுக்கு நூல் அகப்படவில்லை. பேத்தி நுனியைப் பிரித்துக் கொடுத்தாள், அவர் இழுத்தார். நோன்பு ராத்திரி முதல் இழையை எடுத்ததும் அவர்தான்.

தை பிறந்ததும் அண்ணன் வந்துவிட்டார், பழனி வேண்டுதலை நினைவூட்ட. நான் சண்டைக்குத் தயாரானேன். அப்பச்சி கையமர்த்திவிட்டு, "முருகன்ட்ட பேசுனது நீயா நானா?" என்று கேட்டார். "நான்தான் சித்தப்பா." "அப்ப நீ நட." அண்ணன் நடந்தார். குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு கிளம்பிய கூட்டத்தில் சேர்ந்து போனவர், நத்தத்திலிருந்து போன் பண்ணினார். இரண்டு குதிகாலிலும் கொப்புளம், ஒரு எட்டு வைக்க முடியவில்லை, சித்தப்பாவைக் கொஞ்சம் வேண்டிக்கொள்ளச் சொல் என்றார்.