பத்தா, பதினொன்றா

பிப்ரவரி 9

அண்ணன் குப்புறப் படுத்தாகிவிட்டது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரமாம். சாப்பிடவும் கழிப்பறைக்குப் போகவும் எழுந்திருக்கலாம், மற்ற நேரமெல்லாம் முகம் தரையைப் பார்த்தபடிதான்.

பிப்ரவரி 10

அண்ணன் முதலில் கேட்டது தண்ணீர். அடுத்துக் கேட்டது, "சனிக்கிழமை செஷன் உண்டுதானே பாப்பா?"

உண்டு என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியாமலேதான் சொன்னேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: நான் கதையை நடத்த, நாலு பேர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுவது. மற்ற மூன்று பேரும் போனில் வந்துவிடுவார்கள், அதில் சிக்கல் இல்லை. அண்ணனுடைய பாத்திரம் வேங்கை. அவன் திறமையெல்லாம் எண்ணாக எழுதிய கேரக்டர் ஷீட்டை எடுத்து வாசித்துக் காட்டினேன். ஆறு ஏபிலிட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கோர், ஒரு மாடிஃபையர், பதினெட்டு ஸ்கில், அப்புறம் சேவ், ஆயுதம், கவசம். பாதியில், "ஸ்ட்ரெங்த் எவ்வளவு சொன்னே?" என்றான். ஆறு வருஷமாக அவன் ஆடும் கேரக்டர். அவன் மறக்கவில்லை. அந்தத் தாள் கண்ணுக்காகப் போட்டது, காதில் நிற்காது.

அப்படியானால் மாற்ற வேண்டியது தாளைத்தான்.

பிப்ரவரி 11

ஸ்கோரைத் தூக்கிவிட்டேன். ஸ்ட்ரெங்த் 16 என்றால் மாடிஃபையர் +3. ஆட்டத்தில் பகடை எண்ணோடு கூட்டுவது அந்த மூன்றைத்தான். பதினாறு எதற்கு? 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது மூன்று ஆறுமுகப் பகடையை உருட்டி 3 முதல் 18 வரை ஓர் எண் எடுத்தார்கள். அந்த வழக்கம் ஐந்தாம் பதிப்பு வரை ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. எடுத்ததும் தாள் பாதியானது. சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம்தான் உறைத்தது. ஒரு கேரக்டர் எவ்வளவு சுமை தூக்கலாம் என்பது ஸ்ட்ரெங்த் ஸ்கோரை 15-ஆல் பெருக்கி வருவது. ஸ்கோர் இல்லையென்றால் சுமைக் கணக்கும் இல்லை. சரி, சுமைக்குப் பதில் பத்துப் பொருள். அதற்கு மேல் தூக்க முடியாது. பத்து விரல், பத்துப் பொருள்; படுத்துக்கொண்டே மடக்கி எண்ணிக்கொள்வான்.

கட்டம் போட்ட வரைபடமும் வேண்டாம். மூன்றே தூரம்: ஒட்டி, கிட்டே, தள்ளி. யார் முந்தி என்பதற்கு ஆளாளுக்கு ஓர் எண் வேண்டாம், அணிக்கு ஒரு பகடை. 1981-ல் வந்த பேசிக் தொகுப்பில் அப்படித்தான் இருந்தது. காதால் கேட்பவனுக்கு ஒன்பது எண்களை வரிசையாக நினைவில் வைப்பதைவிட "இப்போது நாம்", "இப்போது அவர்கள்" எவ்வளவோ மேல்.

பிப்ரவரி 12

இன்று முழுக்கப் பகடை.

போனில் உருட்டச் சொல்லலாம், அதுவே எண்ணைச் சொல்லும். வேண்டாம் என்றான். "கையில் உருண்டால்தான் என் பகடை." மற்ற கண் சின்ன வயதிலிருந்தே மங்கல், அதை நம்பிப் பயனில்லை. டி20-ஐ, அதாவது இருபதுமுகப் பகடையை, விரலில் கொடுத்தேன். முகம் சின்னது, எண் அதைவிடச் சின்னது. 17-க்கும் 12-க்கும் விரலில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்புறம் பழைய ஆறுமுகப் பகடை மூன்று கிடைத்தன. குழி தோண்டிய புள்ளிகள், சாயம் போனவை. தட்டில் ஒரு துணியை மடித்துப் போட்டு, படுக்கைக்குக் கீழே அவன் கை தொங்கும் இடத்தில் வைத்தேன். உருட்டினான். ஆள்காட்டி விரல் நுனியை மெல்ல வைத்தான். அழுத்தினால் புரண்டுவிடும். "ஒன்று" என்றான் உடனே. ஒன்று எப்போதும் உடனே தெரிகிறது, நடுவில் ஒற்றைக் குழி. ஐந்தும் தெரிகிறது. நாலும் ஆறும்தான் குழப்புகின்றன, அப்புறம் இரண்டும் மூன்றும். நூறு தடவையாவது உருட்டியிருப்பான். அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான்: சந்தேகம் வந்தால் பகடையை அப்படியே தூக்கி அடிப்பக்கத்தையும் கட்டைவிரலால் தடவுகிறான். எதிரெதிர் முகங்களின் கூட்டல் எப்போதும் ஏழு. மேலே ஆறா நாலா என்று தெரியாவிட்டால், கீழே ஒன்று இருந்தால் ஆறு, மூன்று இருந்தால் நாலு.

சொல்லிவிட்டுச் சிரித்தான். நாலு நாளில் முதல் தடவை.

ஆக, டி20 போகிறது. மூன்று பகடையில் ஆடப் போகிறோம்.

பிப்ரவரி 13

இரண்டின் சராசரியும் 10.5 என்பதால் சுலபமாக மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். இல்லை. டி20-ல் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. மூன்று பகடையைச் சேர்த்தால் எல்லாம் நடுவில் போய்க் குவிகிறது. 14 வேண்டுமென்றால் அங்கே நூற்றுக்கு 35, இங்கே 16. 8 போதுமென்றால் அங்கே 65, இங்கே 84. சுலபமானது இன்னும் சுலபமாகிறது, கடினமானது கிட்டத்தட்ட நடக்காமலே போகிறது. அதனால் ஆர்மர் கிளாஸ் (அடி விழ எட்ட வேண்டிய எண்) 17-க்கு மேல் இருந்த எதிரிகளுக்கெல்லாம் இரண்டைக் குறைத்தேன்.

கிரிட்டிகல் என்ற விசேஷ அடி 18-க்கு மட்டும் என்றால் 216-ல் ஒரு தடவைதான் வரும், அது அநியாயம். 16, 17, 18 மூன்றையும் சேர்த்தால் 216-ல் 10. பழைய இருபதில் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அட்வான்டேஜ், அதாவது சாதகமான நிலை, என்றால் நாலு பகடை உருட்டிச் சின்னதைத் தள்ளிவிடுவது. எல்லாம் அழகாகப் பொருந்தியது.

டெத் சேவ் மட்டும் பொருந்தவில்லை.

ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, பூஜ்யமாகி விழுந்தவன் தன் முறை வரும்போதெல்லாம் உருட்டுகிறான். 10 அல்லது மேலே வந்தால் ஒரு வெற்றி, கீழே என்றால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி முதலில் வந்தால் பிழைக்கிறான், மூன்று தோல்வி வந்தால் போய்விடுகிறான். 1, 20 இரண்டின் விசேஷத்தையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் டி20-ல் பிழைப்பது நூற்றுக்கு 59. அதே 10-ஐ மூன்று பகடைக்கு வைத்தால் 72. 11 ஆக்கினால் 50. நடுவில் எதுவும் இல்லை. 59 வேண்டும், அது கிடைக்காது.

72 வைத்தால் இரக்கப்பட்டேன் என்று ஆகும். 50 வைக்கக் கை வரவில்லை.

பிப்ரவரி 14

செஷன். மூன்றரை மணி நேரம். நடுவில் இரண்டு தடவை கண்ணுக்குச் சொட்டு மருந்து. வேங்கை பாலத்தைத் தனியாகப் பிடித்து நிறுத்தினான். "ஒட்டி", "தள்ளி" என்று எல்லோரும் பேச ஆரம்பித்ததும் வரைபடம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. உண்மையிலேயே நன்றாக இருந்தது. வரைபடம் இருந்த காலத்தில் கட்டத்தை எண்ணுவோம்; இன்று பாலத்தைப் பற்றிப் பேசினோம்.

பிப்ரவரி 15

கோபமாக இருக்கிறான். தப்பு என்னுடையது.

எதிரி மந்திரவாதியின் பட்டியலிலிருந்து குருடாக்கும் மந்திரத்தை யாரிடமும் சொல்லாமல் அடித்துவிட்டிருந்தேன். குருடான நிலைக்குரிய விதியையும்தான். நேற்று ராத்திரி அவன் யோசித்துப் பார்த்திருக்கிறான். வேங்கை தனியாக நிற்கிறான், மந்திரவாதி கிட்டே, கையில் மூன்று மந்திரம் மிச்சம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பான்.

"எடுத்துட்டியா?"

"ஆமாண்ணா."

"எடுத்தது தப்பில்லை. நானே எடுக்கச் சொல்லியிருப்பேன். சொல்லாம ஏன் எடுத்தே? இனி நான் ஜெயிச்சா அது நான் ஜெயிச்சதான்னு எப்படி நம்புவேன்?"

தரையைப் பார்த்தே பேசினான். என் கால் மட்டும் அவனுக்கு மங்கலாகத் தெரிந்திருக்கும்.

விதியை மாற்ற எனக்கு உரிமை உண்டு என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உண்டுதான். மேஜைக்கு முன்னால் சொல்லி மாற்றினால் அது ஹவுஸ் ரூல். சொல்லாமல் மாற்றினால் அவனுடைய ஒவ்வொரு உருட்டலிலிருந்தும் நான் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்.

இரவு 2 மணி. பத்தா, பதினொன்றா.

பிப்ரவரி 16

இன்னும் மூன்று நாள் படுக்கச் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

பிப்ரவரி 17

போனில் எல்லோரையும் கூப்பிட்டு 59, 72, 50 மூன்றையும் அப்படியே சொன்னேன். ஐந்து பேரும் ஒரு மணி நேரம் பேசினோம். பூசாரி ஆடுபவள் 10 என்றாள். மந்திரக்காரன் டி20-ஐ இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றான். அண்ணன் விரலுக்கு அது எட்டாது என்பது உடனே அவனுக்கே தோன்றி, மன்னிப்புக் கேட்டான். அண்ணன் வெகு நேரம் பேசவே இல்லை. கடைசியில், "பதினொன்று வை. ஆனால் பக்கத்தில் யாராவது இருந்தால் நாலாவது பகடை" என்றான்.

பிரமாதமான விதி. விழுந்தவனை ஒட்டி ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுத்து உட்கார்ந்தால், அவர் ஒரு பகடை உருட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நாலில் சின்னது கழியும். கணக்குப் போட்டேன். தனியாகக் கிடந்தால் 50. ஒருவர் கடைசிவரை ஒட்டி இருந்தால் 88.

மூன்று தடவை சரிபார்த்தேன். 88 தான்.

குருடாக்கும் மந்திரமும் திரும்ப வந்துவிட்டது. அவனேதான் கேட்டான்.

பிப்ரவரி 18

வேங்கை விழுந்தான்.

பூசாரி தள்ளி இருந்தாள், மந்திரமும் தீர்ந்துவிட்டது. முதல் இரண்டு உருட்டலும் தனியாக: ஒரு வெற்றி, ஒரு தோல்வி. அடுத்தது தோல்வி. கள்ளன் சாவியோடு வாசலில் நிற்கிறான், ஓடினால் தப்பிவிடலாம். போனில் யாரும் பேசவில்லை. "திரும்பி வர்றேன்" என்றான். வந்து ஒட்டி உட்கார்ந்தான். நாலாவது உருட்டல் வெற்றி. இரண்டுக்கு இரண்டு.

ஐந்தாவது. அண்ணன் உருட்டினான். விரல் வைத்தான். "ஐந்து." அடுத்தது. "மூன்று." மூன்றாவதில் விரல் நின்றது. தூக்கி அடியைத் தடவினான், திரும்ப வைத்தான். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. "இரண்டா மூன்றா தெரியலை. நீ பார் பாப்பா."

குனிந்து பார்த்தேன். மூன்று என்றால் பதினொன்று. இரண்டு என்றால் பத்து.

"இரண்டுண்ணா."

"கள்ளா, உன்னுடையது?"

போனில் பகடை மேஜையில் உருளும் சத்தம் கேட்டது. "நாலு."

இரண்டு கழிந்து, ஐந்து, மூன்று, நாலு. பன்னிரண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவன் மட்டும் தட்டிலிருந்த அந்த மூன்றாவது பகடையை எடுத்து உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டான்.

பிப்ரவரி 19

சாப்பிட எழுந்தபோது சொன்னான், கண்ணில் ஒரு கோடு தெரிகிறது, நேற்றைவிடக் கீழே இறங்கியிருக்கிறது, கோட்டுக்கு மேலே கொஞ்சம் வெளிச்சம். நல்லதா என்று கேட்டான். நாளைக்குக் கேட்போம் என்றேன்.

அப்புறம் வேறு விஷயம் எடுத்தான். ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் ஹிட் பாயிண்ட் முழுதும் திரும்பி வந்துவிடுகிறது. "சாகப் போன வேங்கை காலையில் எழுந்து நடப்பானா? எனக்கு இப்போ அது பிடிக்கலை." எனக்கும்தான். புத்தகத்திலேயே ஒரு மாற்று உண்டு, நீண்ட ஓய்வுக்கு ஏழு நாள். அந்த 1981 தொகுப்பில் இன்னும் மெதுவாக, முழு நாள் ஓய்வுக்கு 1 முதல் 3 புள்ளி.

"மெதுவாவே வரட்டும்" என்றான்.

பிப்ரவரி 20

ஏழு மணிக்கே கிளம்பினோம். வண்டியிலும் தலையைக் குனிந்தபடியே வந்தான். பகடை மூன்றும் சட்டைப்பையில்.

அவனை உள்ளே கூட்டிப்போய் இருபது நிமிஷம் ஆகிறது. வெளியே உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். வேங்கைக்கு 38 ஹிட் பாயிண்ட். நாளுக்குச் சராசரி இரண்டு என்றால் பத்தொன்பது நாள். அத்தனை நாளும் எங்கே படுத்திருப்பான்? கள்ளன் கூட இருப்பானா? ஒட்டி ஒருவர் இருந்தால் இங்கேயும் கூடுதலாக ஒரு பகடை கொடுக்கலாமா? கொடுத்தால் நாளுக்கு எவ்வளவு

கூப்பிடுகிறார்கள்.